கேலிமுறைக்காரன் தந்தி

தபால் சாக்கின் கழுத்தைச் சணலால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கைச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார் கிப்வானா. இடது கைப்பிடியில் சாக்கு, வலது கையில் அரக்குக் குச்சி, பல்லுக்கிடையில் பித்தளை முத்திரை. அரக்கு ஆறிவிட்டால் முத்திரை விழாது. ஆறுமுன் அவசரப்பட்டால் முத்திரையோடு பிய்ந்து வந்துவிடும். ஆகவே இலும்பா தபால் நிலையத்தில் அந்த அரை நிமிடம் யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். புதிதாக வந்திருந்த போஸ்ட்மாஸ்டர் ஹாக்ஸ்லி துரைக்கு அது தெரியாது.

“கிப்வானா, நீ இதில் கையொப்பம் இட வேண்டும்.”

துரை பேசியது புத்தகத்தில் படித்த சுவாஹிலி. ஒரு பிழை இருக்காது. ஒரு உயிரும் இருக்காது.

கிப்வானா நிமிரவில்லை. முத்திரையை வாயிலிருந்து எடுத்து அரக்கில் அழுத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணி எடுத்தார். எழுத்துகள் சுத்தமாக விழுந்திருந்தன. அதன் பிறகுதான் மேசைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். தட்டச்சு செய்த மூன்று வரிகள். மரணச் செய்தி பெற்றவரை வேலை நேரத்தில் இழிவாகப் பேசினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வருந்துகிறேன். இனித் தந்தி கொடுக்கும்போது வாய் திறக்க மாட்டேன்.

“நான் யாரையும் இழிவாப் பேசல துரை.”

“என் காதால் கேட்டேன்.”

“கேட்டீங்க. புரிஞ்சுக்கல.”

துரையின் கழுத்து சிவந்தது. “மாலை நான்கு மணி வரை நேரம் தருகிறேன். கையொப்பம், அல்லது உன் சீருடை. இரண்டில் ஒன்று இந்த மேசைமேல் இருக்க வேண்டும்.”

“ரயில் வந்துடும்,” என்று சொல்லிவிட்டு, கிப்வானா சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தார். கிகோமா வண்டி இலும்பாவில் ஏழு நிமிடம்தான் நிற்கும்.

துரை காதால் கேட்டது மூன்று வாரத்துக்கு முந்தைய கதை. கறிக்கடை மசெலேயின் தகப்பன் கசண்டா கிழவர், தபோராவில் மகள் வீட்டில் இருந்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தந்தி வந்தது. கிப்வானா அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். மசெலே ஒரு மாட்டுத் தொடையை வெட்டிக்கொண்டிருந்தான்.

“டேய், அந்தக் கத்திய இங்க குடு. நகம் வெட்டணும்.”

“உன் நகத்துக்கு என் கத்தியா? கடற்கரைக்காரன் நகத்துக்குள்ள மீன் செதில்தான இருக்கும்? கறியெல்லாம் நாறிப் போயிடும்,” என்று சொல்லிக்கொண்டே மசெலே கத்தியைக் கொடுத்தான். கிப்வானா அதை முதுகுப் பக்கம் பெல்ட்டில் செருகிக்கொண்டார். அதன் பிறகு சொன்னார்:

“உங்கப்பன் ஒரு வழியா எடத்தக் காலி பண்ணிட்டான்டா. நல்லதாப் போச்சு. இனிமே ஊர்ல மாம்பழம் மிஞ்சும். காட்டு எலிங்க நிம்மதியாக் குட்டி போடும்.”

மசெலே ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு ஒரு மாட்டெலும்பை எடுத்துக் கிப்வானாவின் தோளில் ஓங்கி அடித்தான். இன்னொன்று. மூன்றாவது அடிக்குத் தூக்கிய கை பாதியில் நின்றது. அப்படியே அவர்மேல் சாய்ந்து ஓலமிட்டு அழுதான். கிப்வானா அவனைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டார். ஈரல் வாங்க வந்த துரை இரண்டு அடிவரை பார்த்தார். அதற்குமேல் பார்க்கச் சகிக்காமல் திரும்பிப் போய்விட்டார். தகப்பன் செத்த செய்தியை இளித்துக்கொண்டு சொன்ன ஊழியன், தாங்க முடியாமல் அவனை அடித்த மகன். அவர் கண்ணில் பட்டது அவ்வளவுதான். மனிதர் கெட்டவர் அல்ல. மசெலேக்காகத்தான் கோபப்பட்டார்.

கிப்வானா சராமோ, கடற்கரைக் கூட்டம். இலும்பாவில் இருப்பவர்கள் நியாம்வேசி. தந்தம் சுமந்து கடற்கரைக்கு நடந்த காலத்தில் இந்த இரண்டு கூட்டமும் வழிநெடுக அடித்துக்கொண்டு, ஒருநாள் இனி வாயால் மட்டும் அடித்துக்கொள்வோம் என்று வைத்துக்கொண்ட ஏற்பாட்டுக்கு உதானி என்று பெயர். கேலிமுறை. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. கேலிமுறைக்காரன் உன்னை அடிமை என்பான், உன் கோழியைக் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போவான். நீ கோபிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக உன் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாக அவன் வந்து நிற்பான். குழி தோண்டுவான், தண்ணீர் சுமப்பான், அடுப்பு மூட்டுவான். செத்தவரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுவான், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் மாதிரியே நடந்து காட்டுவான். இருப்பவர்கள் கத்தவும் அடிக்கவும் ஒரு ஆள் வேண்டுமே. சாவை முதலில் சொல்ல வேண்டியவனும் அவன்தான்.

தண்டவாளம் போட வந்த தகப்பனோடு நான்கு வயதில் இலும்பாவுக்கு வந்தவர் கிப்வானா. ஆக, ஊர் மொத்தமும் அவருக்குக் கேலிமுறை. 1930இல் தபால் நிலையத்தில் சேர்ந்தார். தந்தியும் கடிதமும் சுமப்பது வேலை. முதல் வருடமே ஒரு தப்புச் செய்தார். உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் அண்ணன் செத்ததைச் சொல்லிவிட்டார். கொதிக்கும் பானை சரிந்து பக்கத்தில் இருந்த குழந்தையின் காலில் விழுந்தது. அந்தக் குழந்தைக்கு இப்போது பதினெட்டு வயது. வலது பாதத்தில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அதற்குப் பிறகு கிப்வானா எந்த வீட்டிலும் முகத்தை முதலில் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பார். கையில் கத்தியா, குழந்தையா, சூடான பாத்திரமா? அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அடிக்க வசதியாக லேசாக ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

1942இல் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தெரிந்தவன், நாளைக்கு முப்பது மைல் நடப்பவன் என்று பார்த்தவுடன் பிடித்துக்கொண்டார்கள். பர்மாவில், கபாவ் பள்ளத்தாக்கின் சேற்றில், அவருக்குக் கிடைத்ததும் தபால் சாக்குதான். கம்பெனியில் நூற்று இருபது பேர். எங்கள் கடிதங்களைக் கிப்வானா வாங்கலாம் என்று அத்தனை பேரும் ஒரே தாளில் பெருவிரல் வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஊரிலிருந்து சாவுக் கடிதம் வந்தால், “துப்பாக்கிய இங்க குடுடா, துருப்பிடிச்சிருக்கு” என்று முதலில் வாங்கி வைத்துக்கொள்வார். தனக்குக் கேலிமுறை இல்லாத கூட்டத்துக்காரனாக இருந்தால், அந்த முறை உள்ளவன் எந்தப் பதுங்குகுழியில் இருந்தாலும் தேடிக் கூட்டிவருவார். ஒரு முறை அப்படித் தேடிப் போகும்போதுதான் குண்டு விழுந்தது. இடது காதின் கேட்கும் திறனும், சேற்றுப்புண் அழுகலுக்குக் கொடுத்த இரண்டு கால்விரல்களும் பர்மாவோடு போயின. மற்றபடி முழு ஆளாக 1946இல் திரும்பி வந்தார்.

அந்த நான்கு வருடம் இலும்பாவில் தந்தி சுமந்தவர் எசேக்கியேல். தெற்கே மிஷனில் படித்தவர், பொய் சொல்லாதவர், நேரம் தவறாதவர். இங்கே யாருக்கும் கேலிமுறை இல்லாதவர். “தந்தி. இங்க விரல் வைங்க” என்பார், விரல் வைத்ததும் திரும்பி நடப்பார். சாவை வாசலில் போட்டுவிட்டுப் போகிறவன் என்று ஊர் அவருக்குக் கதவைச் சாத்தியது. உரியவர் ஏற்கவில்லை என்று எழுதிய தந்திகள் மேசை இழுப்பறையில் முப்பத்தொன்று சேர்ந்திருந்தன. வந்த முதல் வாரமே கிப்வானா முப்பத்தொன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்று வருடத்துக்கு முன்னால் செத்த தம்பிக்காக ஒருத்தி அவரை அகப்பையால் அடித்தாள். அடித்து முடித்ததும், “எங்கய்யா போயிருந்த இவ்வளவு நாள்?” என்று கேட்டாள். எசேக்கியேல் நிம்மதியாக முத்திரை குத்தும் மேசைக்கு மாறிக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் வாய் திறக்க மாட்டேன் என்று எழுதிக் கேட்டார் துரை.

மதியம் வீட்டில் மனைவி மிலெம்பேயிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் நியாம்வேசி. அதாவது கட்டிய மனைவியும் கேலிமுறைதான்.

“போட்டுக் குடுத்துட்டு வாயேன்யா. பேப்பர்ல ஒண்ணு, வாயில ஒண்ணு. துரைங்ககிட்ட எல்லாரும் அப்படித்தான பொழைக்கிறாங்க? அவரு உன் பின்னாடியே வீடு வீடா வரப்போறாரா?”

“முதல் வரி என்னன்னு தெரியுமா? மசெலேய இழிவாப் பேசினேனாம். அது ஃபைல்ல ஏறிடும். நாளைக்கு எவனாவது எடுத்துப் படிப்பான். கசண்டா கெழவன் சாவுக்கு ஒரு சராமோ வந்து அவமானப்படுத்திட்டான்னு இருக்கும். நான் செஞ்சது மரியாதடி. அத நானே அவமானம்னு எழுதிக் குடுக்கணுமா?”

“மரியாதய அடுப்புல வச்சா வேகுமா?”

“வேகாது. நீ சாராயம் காய்ச்சு. நான் வித்துத் தரேன்.”

“நீ வித்தா பானையோட குடிச்சிருவ, தேங்கா மண்ட.”

சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். பிறகு கரிப்பெட்டியில் கனல் அள்ளிப் போட்டாள். “கழட்டு சட்டைய.”

“எதுக்கு?”

“தேய்ச்சுத் தரேன். கசங்கலாக் குடுத்தா தோத்துப் போய்க் குடுக்கிறன்னு நெனப்பாங்க.”

நான்கு மணிக்கு, மடிப்பு கலையாத காக்கிச் சட்டை, கால்சட்டை, தொப்பி, தோல் பை, நான்கையும் கிப்வானா துரையின் மேசைமேல் வரிசையாக வைத்தார். இடுப்பில் வேட்டி, மேலே பனியன்.

துரை சட்டை மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது கையெழுத்து.

“நீ என்னைக் கொடியவன் என்று நினைக்கிறாய். என் தம்பி கப்பலோடு மூழ்கியபோது என் அம்மாவுக்குத் தந்தி வந்தது. கொண்டுவந்தவன் தொப்பியைக் கழற்றினான். காகிதத்தைக் கொடுத்தான். ஒரு சொல் பேசாமல் போனான். அதுதான் மரியாதை.”

“அப்ப உங்கம்மா கையில என்ன இருந்துச்சு துரை?”

துரை விழித்தார். “என்ன கேட்கிறாய்? நான் அங்கே இல்லை.”

“அவனாவது பாத்தானா?”

துரை சீருடையை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

அரை மணி நேரத்தில் தந்திக் கருவி தட்டத் தொடங்கியது. கிகோமாவிலிருந்து, கலுண்டேக்கு. ரயில் நிலையத்துக்கு எதிரே வறுத்த வேர்க்கடலை விற்பவள் கலுண்டே. அவள் புருஷன் மாயுங்கா எஞ்சினுக்கு விறகு தள்ளுபவன். மூத்த மகன் ஏரித் துறைமுகத்தில் வேலை, இளையவன் பட்டாளத்தில். துரை தந்தியை எசேக்கியேலிடம் கொடுத்து அனுப்பினார். எசேக்கியேல் தெருமுனையில் திரும்பியபோதே கலுண்டே பார்த்துவிட்டாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

“அக்கா, தந்தி.”

“தெரியுது. கொண்டு போ. கிப்வானாகிட்டக் குடுத்து அனுப்பு.”

“அவருக்கு வேல போயிடுச்சுக்கா. இன்னிக்குத்தான்.”

பிறகு தாழ் விலகியது. முதுகில் பேத்தியைக் கட்டிக்கொண்டு கலுண்டே வெளியே வந்தாள். எசேக்கியேலைத் தாண்டி, அவர் நீட்டிய காகிதத்தைத் தாண்டி, நேரே தபால் நிலையத்துக்கு நடந்தாள். கேள்விப்பட்ட பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கலுண்டே படியில் உட்கார்ந்தபோது முப்பது பேருக்குக் குறையவில்லை. ஒருத்தியும் கத்தவில்லை. அதுதான் துரையைக் கலவரப்படுத்தியது. கத்தினால் போலீசைக் கூப்பிடலாம்.

துரை தானே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். “அம்மா, உள்ளே வாருங்கள். நானே படித்துச் சொல்கிறேன்.”

கலுண்டே இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “வேணாம். மூணு ஆம்பளைங்க எனக்கு வெளியூர்ல இருக்காங்க. இந்தப் பேப்பரத் திறக்கிற வரைக்கும் மூணு பேரும் உசிரோட இருக்காங்க. அந்நியன் வாயால சாவக் கேட்டா அது வீட்ட விட்டுப் போகாது. எங்க சராமோ எங்கே? அவனக் கூப்பிடு.”

கூப்பிட ஆள் ஏற்கெனவே போயிருந்தது. கிப்வானா பனியனோடு வந்து நின்றார். பின்னால் மிலெம்பே. துரை காலையில் நீட்டிய அதே காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

“கையொப்பம் இடு. தந்தியை உன்னிடமே தருகிறேன். அவள் காத்திருக்கிறாள், பார்.”

எல்லாரும் கிப்வானாவைப் பார்த்தார்கள். காதிலிருந்து கையை எடுக்காமல் கலுண்டேயும் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. முதுகுக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த இடத்தில் யாருக்குமே கை பேனாவிடம் போகும்.

“போட்டுத் தொலைய்யா!” என்றாள் ஒருத்தி கூட்டத்திலிருந்து.

“போட்டா?” என்று கிப்வானா திரும்பினார். “மூணாவது வரி என்னன்னு தெரியுமா? வாய் திறக்க மாட்டேன். இவ கையில பேப்பரக் குடுத்துட்டு ஊமையா நிக்கணும். அதுக்கு எசேக்கியேல் பத்தாதா? அவரு என்னைவிட நல்லாவே வாய மூடிக்கிட்டு நிப்பாரு.”

எசேக்கியேல் தலைகுனிந்தார். கிப்வானா துரை பக்கம் திரும்பி, பட்டாளத்தில் பேசுவதுபோல் நிமிர்ந்து நின்றார்.

“துரை, ஒருத்தர் தனக்கு வர்ற தபால வாங்க இன்னொருத்தர நியமிக்கலாம். அதுக்கு ஒரு ஃபாரம் உண்டு. பர்மாவுல நூத்தி இருபது பேரு எனக்குக் குடுத்திருந்தாங்க. உங்க விதிப் புத்தகத்துல இருக்கும். பாருங்க.”

“அது ராணுவத்துக்கு.”

“பாருங்க.”

துரை உள்ளே போனார். தடித்த புத்தகத்தை எடுத்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: விதி தனக்கு எதிராக இருந்தாலும் அதை மறைக்கிற ஆள் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். இரண்டு முறை படித்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் படிவத்தையும் மைத்தட்டையும் எடுத்துவந்து, கலுண்டே முன்னால் வைத்தார்.

கலுண்டே காதிலிருந்து கையை எடுத்தாள். பெருவிரலை மையில் தோய்த்து, தாள் கிழிகிற மாதிரி அழுத்தினாள்.

“இதனால் நீ மீண்டும் தபால் ஊழியன் ஆகிவிட மாட்டாய்,” என்றார் துரை.

“ஆக மாட்டேன். அதனாலதான் வாயத் திறக்கலாம்.”

பெறுபவர் என்ற இடத்தில் கிப்வானா தன் பெயரை எழுதினார். அன்று அவர் போட்ட ஒரே கையெழுத்து அது.

படியில் வைத்துச் சொல்ல முடியாது. வீட்டில்தான் சொல்ல வேண்டும். கலுண்டே முன்னால் நடந்தாள். பத்தடி பின்னால் கிப்வானா உறையைப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம்.

வாசலில் மிலெம்பே அவளுடைய முதுகுத் துணியை அவிழ்த்துக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி கடலை வறுக்கிற சட்டியை அடுப்போடு நகர்த்தினாள். கிப்வானா மூலையில் கிடந்த உலக்கையைத் தூக்கிக் கூரைமேல் எறிந்தார். பிறகு புல் துடைப்பத்தை எடுத்துக் கலுண்டேயின் கையில் கொடுத்தார். துடைப்பத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, சாவுதான். இனி யார் என்பது மட்டும்தான் பாக்கி.

“ஏ கலுண்டே. உன் வீட்டு ஆம்பளைங்கள்ல ஒருத்தன் வேலைய விட்டுட்டான். பெரிய சோம்பேறி. இனிமே எஞ்சினுக்கு ஒரு கட்ட வெறகு போட மாட்டானாம். அந்தக் கொறட்டைக்காரன். ராத்திரி அவன் விடுற கொறட்டையில ரயிலுன்னு நெனச்சு நான் எத்தன தடவ சாக்கத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கேன்? ஊருக்கு விட்டது சனியன்.”

“மாயுங்காவா?” என்றாள்.

“நேத்து சாயங்காலம். காய்ச்சல். மூணே நாள். கூட வேல செய்றவங்க பக்கத்துல இருந்தாங்க. உன் பேரச் சொன்னானாம். நல்ல வேள, உன் கடலைக்குப் பாக்கி வச்சிருந்தவங்க பேரச் சொல்லாமப் போனான்.”

துடைப்பம் அவர் முகத்தில் விழுந்தது. தலையில் விழுந்தது. “உன் நாக்கு அழுக! உன் கடலு வத்த! எம் புருஷனயா சொன்ன?” என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு சாபம். கிப்வானா கண்ணை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். பின்வாங்கவில்லை. “இவ்வளவுதானா? நியாம்வேசிப் பொம்பளைங்களுக்குச் சாப்பாடு பத்தல போல” என்றார். துடைப்பம் பிரிந்து புல் புல்லாக உதிர்ந்தபின் அவள் தரையில் சரிந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. முப்பது பெண்களும் கூடவே குரல் எடுத்தார்கள். கிப்வானா ஒரு குவளை தண்ணீரைக் கொண்டுவந்து, பின்கழுத்தைத் தாங்கிப் பிடித்து, வாய் வாயாகக் குடிக்க வைத்தார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார். வருகிற கூட்டத்துக்கு அடுப்பு மூட்ட வேண்டும்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் துரை தபால் நிலையக் கதவைத் திறந்தபோது வாசலில் வரிசை நின்றது. நாற்பது, ஐம்பது பேர். முதல் ஆள் கறிக்கடை மசெலே. கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தான்.

“அந்த மஞ்சப் பேப்பர் ஒண்ணு குடுங்க துரை. என் தபால வாங்கறதுக்கு.”

“நீ... உன்னைத்தானே அவன் இழிவாகப் பேசினான்?”

“என்னையா? எங்கப்பாவப் பத்தி அவ்வளவு அழகா இந்த ஊர்ல யாரும் பேசினதில்ல,” என்றான் மசெலே. பெருவிரலை மையில் அழுத்தினான்.

ஒன்பது மணிக்குப் படிவங்கள் தீர்ந்தன. எசேக்கியேல் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். வரிசை பாதி குறைந்தபோது அவரும் எழுந்து வந்து, தன் பெயருக்கும் ஒரு தாளில் விரல் வைத்தார்.

அப்போது தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எஞ்சின் புகையில் கறுத்த நீலச் சட்டையும் எண்ணெய்த் தொப்பியும் போட்டுக்கொண்டு ஒரு ஆள் வந்தான். வலது தோளை ஏற்றி, இடது காலை இழுத்து, நான்கு அடிக்கு ஒரு முறை தொண்டையைச் செருமி. அச்சு அசலாக மாயுங்கா. வழியில் கலுண்டே வீட்டு வாசலில் நின்று, “கடல எங்கடி?” என்று அவன் குரலிலேயே கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார் கிப்வானா. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நடுவில் கலுண்டே முக்காட்டுக்குள் குலுங்கிச் சிரித்தாள் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

துரை படியில் நின்று அந்த நடையை, அந்தச் சட்டையை, வரிசையில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். தேய்த்த மடிப்பு கலையாத காக்கிச் சீருடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

“கிப்வானா. இதைப் போட்டுக்கொள். காகிதம் வேண்டாம். கிழித்துவிட்டேன்.”

வந்தவர் தொண்டையைச் செருமினார். வலது தோளை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

“கிப்வானாவா? அந்தத் தேங்கா மண்டையன் இன்னிக்கு லீவு துரை. எங்க வீட்டுல தண்ணி சுமக்கிறான். நான் மாயுங்கா. துக்கம் முடியிற வரைக்கும் நாலு நாளைக்கு நான்தான். அவன்கிட்டப் பேசணும்னா அப்புறம் வந்து கேட்டுப் பாருங்க. மனசு இருந்தா போட்டுக்குவான்.”

கவுன்ட்டரில் அன்றைய கடிதக் கட்டு இருந்தது. ஐம்பது விரல்கள் அவருக்குக் கொடுத்த கட்டு. அதை எடுத்து எண்ணெய்த் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு, மேலே இருந்த உறையைப் பிரித்துக் கண்ணுக்கு அருகே பிடித்துப் படித்தார்.

“யாருடா இங்க மசெலே? எலும்பால அடிக்கிறவன்? கைய நீட்டு. கத்தி இருந்தா முதல்ல கீழ வை. பயப்படாத, இது உன் தங்கச்சிக்குப் புள்ள பொறந்த கடுதாசி.”

இடது காலை இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்.